முன்னால் ரிப், பின்னால் லக்

பெரம்பூரிலிருந்து மூலக்கடை வழியாக மாதவரம் போகிறவர்கள், ஓரமாக நிற்கும் ஏதாவது ஒரு பழைய ஆறு சக்கர லாரியைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். முன் சக்கரம் இரண்டிலும் டயரைச் சுற்றி நீளவாக்கில் கோடுகள் ஓடும். பின்னால் இருக்கும் நான்கிலும் ஏர் உழுத சால் மாதிரி குறுக்கே ஆழமான வெட்டுகள் இருக்கும். முன்னது ரிப், பின்னது லக். ஒரே வண்டியில் எதற்கு இரண்டு விதமான டயர்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போனால் நம் வடசென்னையின் கதையையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் ஒரு லாரி கம்பெனியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். எங்களிடம் டயர் ரிஜிஸ்டர் என்று தனியாக ஒரு நோட்டு உண்டு. ஒவ்வொரு டயருக்கும் ஒரு பக்கம். டயர் நம்பர், வாங்கிய தேதி, எந்த வண்டியில் எந்தப் பக்கம் மாட்டியது, எத்தனை கிலோமீட்டரில் கழற்றியது, எத்தனை முறை ரீட்ரெட் ஆனது எல்லாம் அதில் ஏறும். லாரித் தொழிலில் டீசலுக்கு அடுத்த பெரிய செலவு டயர்தான். பத்து வண்டி வைத்திருப்பவர் எப்படியாவது சமாளிப்பார். கடன் வாங்கி ஒரே வண்டி ஓட்டுகிறவருக்குத் தப்பான டயர் இரண்டு அமைந்தால் அந்த வருடமே போயிற்று.

எங்கள் வண்டிகள் ஓடியதில் பெரும்பகுதி தார் ரோடுதான். ஆனால் லோடு ஏற்றுகிற இடமும் இறக்குகிற இடமும் தார் ரோட்டில் இருப்பதில்லையே! செங்குன்றம் பக்கம் செங்கல் சூளை, கொசஸ்தலை ஆற்றில் மணல், எண்ணூர்ப் பக்கம் உப்பளம், மணலியில் புதிதாக எழும்பிய தொழிற்சாலைகளின் மண் தரை. நூறு கிலோமீட்டர் நல்ல ரோடு, கடைசி அரை கிலோமீட்டர் சேறு. டயரை எதற்காக வாங்குவது? நூறுக்கா, அரைக்கா?

அந்த நாளில் எல்லோரும் அரை கிலோமீட்டருக்காகத்தான் வாங்கினார்கள். அதில் நியாயமும் இருந்தது. சூளை வாசலில் வண்டி மாட்டிக்கொண்டால் டிராக்டர் தேட வேண்டும், பாதி லோடை இறக்கி மறுபடி ஏற்றக் கூலி கொடுக்க வேண்டும், அன்றைய நடை போச்சு. நூறு கிலோமீட்டரில் கூடுதலாகத் தேயும் ரப்பரைவிட அந்த நஷ்டம் பெரிது.

லக் டயரின் வேலை சுலபமாகப் புரியும். குறுக்கே நிற்கும் தடித்த ரப்பர் கட்டைகள் சேற்றைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை முன்னுக்கு நகர்த்தும். துடுப்பு போடுகிற வேலைதான். எஞ்சினின் பலம் பின் சக்கரத்துக்குப் போவதால் துடுப்பும் பின்னால் இருந்தது. முன் சக்கரத்தின் வேலை வண்டியைத் திருப்புவது. அதற்கு நீளவாக்கில் ஓடும் பள்ளங்கள் வேண்டும். வளைவில் பக்கவாட்டில் சறுக்காது, மழைத் தண்ணீரை வழியவிடும், சூடும் அதிகம் ஏறாது. “பின்னால் வெடித்தால் பணம் போகும், முன்னால் வெடித்தால் உயிர் போகும்” என்பார் எங்கள் மூத்த டிரைவர் ஒருவர். அதனால் முன்னால் எப்போதும் புது ரிப்தான், ரீட்ரெட் போடுவதில்லை.

ரீட்ரெட் என்றதும் திருவொற்றியூருக்குப் போக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் 1942-ல் மலேயா ஜப்பானியர் கைக்குப் போனதும் ரப்பருக்குத் தட்டுப்பாடு வந்தது. இந்தியாவில் டயர் ரேஷனில்தான் கிடைத்தது. கேசிங் கெட்டியாக இருந்தால் மேலே புது ரப்பர் ஒட்டி மறுபடி ஓட்டுவதுதான் வழி. போர் முடிந்த பிறகும் அந்தச் சிக்கனம் நம்மை விடவில்லை. இன்றுவரை விடவில்லை என்றே சொல்லலாம்.

1946-ல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு சிறிய ஷெட்டில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரியின் தொடக்கம் அதுதான். 1949-ல் தம்புச் செட்டித் தெருவில் ஆபீஸ். 1952-ல் ரீட்ரெட்டுக்கு வேண்டிய ட்ரெட் ரப்பரில் இறங்கினார்கள். அந்த ஷெட்டுக்கு முதல் இயந்திரம் வந்ததே அப்போதுதான். நான்கைந்து வருடத்தில் நாட்டின் ட்ரெட் ரப்பர் சந்தையில் பாதி அவர்கள் கையில். புது டயர் செய்வதற்கு வெகு முன்பே, தேய்ந்த டயர் எப்படித் தேய்கிறது, எங்கே கிழிகிறது என்ற பாடத்தை அந்த ஷெட் படித்துவிட்டது என்பது என் எண்ணம்.

1961-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு டயர் செய்யத் தொடங்கினார்கள். போட்டிக்கு டன்லப் இருந்தது. அவர்கள் 1959-லேயே அம்பத்தூரில் ஆலை திறந்துவிட்டார்கள். ஃபயர்ஸ்டோன், குட்இயர், சியட் எல்லாம் களத்தில் இருந்தன. ஆனால் அமெரிக்க ரோடு வேறு, நம் ரோடு வேறு. அங்கே வேகம் அதிகம், லோடு கணக்காக இருக்கும். இங்கே வேகம் குறைவு, லோடுக்குக் கணக்கே கிடையாது. கூடவே குழி, கப்பி, வெயில். அந்த ஊர் ஃபார்முலாவை அப்படியே இங்கே உருட்ட முடியாது. 1963-ல் திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு நேரு வந்து அடிக்கல் நாட்டியதன் அர்த்தம் இதுதான்.

அடுத்த வருடம் டயரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் அந்தப் பயில்வான் பொம்மை வந்தது. நம் வயதுக்காரர்கள் பெட்ரோல் பங்க்கிலும் சாலையோரத்திலும் பார்த்தே வளர்ந்தோம். விளம்பரக்காரர் அலீக் பதம்சி, லாரி ஓட்டுகிறவர்களிடம் பேசிப் பார்த்து, அவர்களுக்கு வேண்டியது பலம் ஒன்றுதான் என்று தெரிந்துகொண்ட பிறகு உருவானவன் அவன். சொகுசாக ஓடும், சத்தம் வராது என்றெல்லாம் சொல்லியிருந்தால் எந்த லாரிக்காரர் வாங்கியிருப்பார்?

1978-ல் வந்தது சூப்பர்லக்-78. பெயரிலேயே லக்கும் உண்டு, வருடமும் உண்டு. நாட்டிலேயே அதிகம் விற்ற லாரி டயர் என்ற பெயரை அது வாங்கியது. எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி, செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ், திருவொற்றியூரில் டயர் என்று, ஒரு லாரிக்கு வேண்டியதில் பெரும்பகுதி ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் தயாரான காலம் அது. அடுத்த வருடமே மான்ஸ்ஃபீல்டு தன் பங்குகளை விற்றுவிட்டு விலகிக்கொண்டது.

சேற்றுக்காக மட்டும் லக் டயர் விற்கவில்லை. தார் ரோட்டிலேயே ஓடிய வண்டிக்காரர்களும் அதைத்தான் கேட்டார்கள். லக்கில் ரப்பரின் ஆழம் அதிகம். ஆழமான ரப்பருக்குச் சூடுதான் எமன். ஆனால் நம் லாரிகள் அன்று போனது மணிக்கு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் வேகம். வேகம் இல்லாததால் சூடும் மட்டுப்பட்டது, ஆழம் இருந்ததால் தேய நாளானது. குறுக்கும் நெடுக்குமாக நைலான் இழை போட்ட அந்தக் கேசிங் ஓவர்லோடையும் தாங்கியது, குழியையும் தாங்கியது. தேய்ந்தபின் இரண்டு முறை, சில சமயம் மூன்று முறைகூட ரீட்ரெட் ஆனது. முன்னால் ஓடித் தேய்ந்த ரிப் டயரை நல்ல கேசிங்காகப் பார்த்து, மேலே லக் ரப்பர் ஒட்டிப் பின்னால் மாட்டுவோம். முதல் பிறவியில் ரிப், மறுபிறவியில் லக்!

இதற்கு நாம் கொடுத்த விலையும் உண்டு. லக் டயர் தார் ரோட்டில் ‘ஙொய்’ என்று கத்தும். உருள்வதற்கு அதிகப் பலம் கேட்பதால் டீசல் கூடும். தரையில் படும் ரப்பர் குறைவு என்பதால் ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்கத் தூரம் எடுக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் மழைநாளில் லாரிக்குப் பின்னால் சைக்கிளில் போனவர்களுக்கும், முன்னால் போனவர்களுக்கும் இது தெரியும். அந்த விலையை வண்டிக்காரர் மட்டும் கொடுக்கவில்லை, தெருவில் போனவர்களும் சேர்ந்துதான் கொடுத்தார்கள்.

பிறகு ரோடு மாறியது. தங்க நாற்கரத் திட்டத்தில் கல்கத்தா நெடுஞ்சாலை செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, தடா என்று நான்கு வழியானது. பணம் கட்டினால் கூடுதல் லோடுக்கு அனுமதி தரும் ‘கோல்டு கார்டு’ முறையை 2005-ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஓவர்லோடு ஒரே நாளில் ஒழியவில்லை என்றாலும் பயம் வந்தது. துறைமுகத்தில் கன்டெய்னர் பெருகி, டிரெய்லர்கள் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகத் தொடங்கின. எந்த ஆழம் லக் டயருக்குப் பலமாக இருந்ததோ, அந்த ஆழமே வேகத்தில் சூடாகிப் பலவீனமானது.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது ரேடியல். பிரான்சின் மிஷலின் 1946-ல் காப்புரிமை எடுத்த வடிவம் அது. நம் திருவொற்றியூர் பலூன் ஷெட்டுக்கும் அதே வயது! இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும். ட்ரெட்டுக்கு அடியில் எஃகுப் பட்டை. சூடு குறைவு, டீசல் மிச்சம், ஆயுள் அதிகம். ஆனால் காற்று சரியாக இருக்க வேண்டும், அலைன்மென்ட் பார்க்க வேண்டும், பக்கச்சுவர் கல்லில் உரசக் கூடாது. பழைய நைலான் டயர் அடி வாங்கிக்கொண்டு சும்மா கிடக்கும், ரேடியல் கவனிப்பு கேட்கும். அதனால்தான் 2000 வாக்கில் நம் லாரிகளில் ரேடியலைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. இன்று நெடுந்தூர வண்டிகளில் அதுதான் சாதாரணம். அதே மிஷலின் இப்போது கும்மிடிப்பூண்டியை அடுத்த தேர்வாய் கண்டிகையில் லாரி ரேடியல் செய்கிறது. மாதவரத்திலிருந்து வடக்கே போகும் அதே ரோடுதான்.

லக் மறைந்துவிடவில்லை. கல் குவாரி டிப்பரிலும் மண் அள்ளும் வண்டியிலும் அதுதான் இன்றும் ராஜா. நடுவில் ரிப்பும் ஓரத்தில் லக்குமாக இருக்கும் செமி லக், இரண்டு வேலையும் பாதிப் பாதி பார்க்கும். கார், பிக்கப் உலகத்தில் இன்று ‘ஆல் டெரெய்ன்’ என்று விற்கிறார்களே, ஏறக்குறைய அதே யோசனைதான்.

எங்கள் தெருப் பையன் ஒருவன், சொந்தமாகப் பிக்கப் ஓட்டுகிறவன், போன வருடம் அந்த ஆல் டெரெய்ன் டயரைப் பற்றி என்னிடம் கேட்டான். “பார்க்கவே கெத்தா இருக்கு சார். மழை வந்தாலும் கவலையில்லை.” மழைக்கு என்றால், கணேசபுரம் சுரங்கப் பாதையில் தண்ணீர் நின்றால் எந்த டயரும் உதவாது என்று சொன்னேன். “டயர் பேரை அப்புறம் பார்க்கலாம் தம்பி. ஒரு மாதம் எங்கெல்லாம் போனாய், தரை எப்படி என்று எழுதிக் கொண்டு வாப்பா” என்று ஒரு நோட்டைக் கொடுத்தேன்.

எழுதிக்கொண்டு வந்தான். செங்குன்றம் மண்டியிலிருந்து அரிசி மூட்டை, பெரம்பூர், வியாசர்பாடி, ஓட்டேரிக் கடைகளுக்கு. இருபத்தாறு நாள் ஓட்டத்தில் சேறு கண்டது இரண்டே நாள். அந்த இரண்டிலும் மாட்டிக்கொள்ளவில்லை.

அந்தக் காலத்து வண்டிக்காரர் அரை கிலோமீட்டருக்காக லக் வாங்கியது சரி, ஏனென்றால் அந்த அரை கிலோமீட்டர் தினமும் வந்தது. எப்போதோ ஒரு நாள் வரும் சேற்றுக்காகத் தினமும் டீசலும் ரப்பரும் செலவழிப்பது வேறு கணக்கு. பையன் சாதாரண ரோடு டயரே நல்லதாக நான்கு வாங்கினான். மிச்சமான பணத்தில், மொட்டையாகிக் கிடந்த ஸ்டெப்னியையும் மாற்றிவிட்டான்.