தாத்தாவின் வெஸ்பா மீண்டும் ஓட வேண்டுமா? பெயிண்ட் அடிக்கும் முன் பார்க்க வேண்டியவை

தோட்ட வீட்டின் பின்கட்டிலோ, பட்டணத்துக் கடைவீட்டுப் படிக்கட்டுக்குக் கீழோ தார்ப்பாய் போர்த்திக் கிடக்கும் பழைய வெஸ்பாக்களுக்கு இப்போது நல்ல மவுசு. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் இன்று வருந்துகிறார்கள். மிச்சம் வைத்திருப்பவர்களோ வண்டியை வெளியே இழுத்ததும் நேராகப் பெயிண்ட் பட்டறைக்குத்தான் போகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பல ஆயிரம் வெள்ளி செலவழித்துப் பளபளப்பாக்கிய பிறகு, சாலையில் ஓட்ட முடியாமல் வரவேற்பறையில் நிறுத்தி வைக்கும் நிலைமை நிறைய பேருக்கு வந்திருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியது பதிவு அட்டை, அதாவது கிராண்ட். வண்டி இறந்து போன தாத்தா அல்லது அப்பா பெயரிலேயே இருந்தால், சாவி கையில் இருக்கிறது என்பதற்காக அது பேரனுக்குச் சொந்தமாகிவிடாது. பெயர் மாற்றத்திற்கு நீதிமன்றம், நில அலுவலகம் அல்லது அமானா ராயா வழியாக வாரிசு ஆவணம் தேவைப்படும். சாலை வரி பல ஆண்டுகளாகக் கட்டப்படவில்லை என்றால், பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் முதலில் விசாரிப்பது நல்லது.

அடுத்தது எண்கள். வெஸ்பாவின் சட்டக எண்ணுக்கு முன்னால் விபிபி1டி, விபிசி1டி, விஎல்பி1டி என்பதுபோல ஓர் அடையாளம் அடித்திருக்கும். விபிபி என்றால் 60ஆம் ஆண்டுகளின் 150 சிசி வண்டி, விபிசி என்றால் சூப்பர், விஎல்பி என்றால் ஸ்பிரிண்ட். கடைசியில் உள்ள ‘டி’ இத்தாலிய மொழியில் சட்டகத்தைக் குறிக்கும் சொல்லின் முதல் எழுத்து. எஞ்சினில் அதே அடையாளம் ‘எம்’ என்று முடியும். சட்டகம் ஒரு மாடலாகவும் எஞ்சின் வேறு மாடலாகவும் இருந்தால், எப்போதோ எஞ்சின் மாற்றப்பட்டிருக்கிறது. அந்த மாற்றம் கிராண்டில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள் ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப் பையில் கொண்டு போகலாம். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும், பட்டி பூசி மறைத்த இடத்தில் ஒட்டாது. வெஸ்பாவுக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது. வளைத்த இரும்புத் தகட்டு உடம்பேதான் சட்டகம். இரண்டு மூன்று வண்டிகளின் துண்டுகளைப் பற்றவைத்து ஒன்றாக்கி, மேலே அழகாகப் பெயிண்ட் அடித்திருந்தால், வேகத்தில் போகும்போது அது ஆளைக் கொல்லும்.

விமானக்காரர் செய்த வண்டி

1946இல் இத்தாலியின் பொந்தெதேராவில் பியாஜியோ நிறுவனம் முதல் வெஸ்பாவை வெளியிட்டது. 98 சிசிதான். வடிவமைத்த கொர்ராதினோ தஸ்கானியோ, ஹெலிகாப்டர் செய்து பார்த்த விமானப் பொறியியலாளர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. சங்கிலியின் அழுக்கு, டயர் மாற்றும் தொல்லை, காலைத் தூக்கிப் போட்டு ஏறுவது ஆகிய எல்லாவற்றையும் அவர் நீக்கினார். முன்சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் தாங்கும் அமைப்பு விமானச் சக்கரத்தைப் பார்த்துச் செய்தது. சங்கிலி இல்லை. கியர்பெட்டியின் தண்டிலேயே பின்சக்கரம் மாட்டியிருக்கிறது. வெஸ்பா என்றால் இத்தாலிய மொழியில் குளவி.

இந்த அமைப்பு தெரிந்தால் பாதிக் கோளாறு புரிந்துவிடும். எஞ்சின் முழுவதுமே பின்சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் அசைகிறது. அதைச் சட்டகத்தோடு பிணைக்கும் ரப்பர் புஷ் 40 ஆண்டுகளில் இறுகிப் பிய்ந்து போயிருக்கும். வளைவில் பின்பக்கம் ஆடுகிறது என்று டயரையும் பேரிங்கையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இந்த ரப்பரைப் பார்ப்பதில்லை.

எழுப்பும் விதம்

பல வருடம் நின்ற வண்டியை உடனே உதைத்து ஸ்டார்ட் செய்யக் கூடாது. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் கொஞ்சம் டூ டி ஆயில் விட்டு, ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். தாங்கியில் உள்ள பழைய பெட்ரோல் கோந்தாகியிருக்கும், அடியில் துருவும் இருக்கும். தாங்கி, குழாய், கார்புரேட்டர் மூன்றையும் கழுவாமல் ஓட்டினால் ஜெட் அடைத்துக்கொள்ளும்.

ரப்பர் ஆயில் சீல்கள் காய்ந்து போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். ஃபிளைவீல் பக்கத்து சீல் போனால் வெளிக்காற்று உள்ளே புகும். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் தானாக உறுமும், சூடேறும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயில் எரிந்து, வெள்ளைப் புகை வீதியை மறைக்கும், கியர் ஆயிலும் குறைந்துகொண்டே வரும். எஞ்சினைப் பிளந்துதான் இதைச் சரிசெய்ய முடியும். பிளந்த கையோடு கியர் மாற்றும் சிலுவை வடிவத் துண்டையும் மாற்றிவிடலாம். மலையேறும்போது கியர் தானாகத் துள்ளி வெளியே வருவதற்குப் பெரும்பாலும் அதன் முனைகள் தேய்ந்ததே காரணம்.

கியர் ஆயில் ஏறக்குறைய 250 மில்லி, எஸ்ஏஇ 30 தரம். கிளட்சும் அதே எண்ணெயில்தான் ஊறுகிறது. கார் எஞ்சினுக்கான விலையுயர்ந்த வழுவழுப்பான எண்ணெயை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும்.

பெட்ரோலில் ஆயில் கலப்பது தனிக் கணக்கு. விபிபி, சூப்பர், ஸ்பிரிண்ட் போன்றவற்றுக்கு 2 சதவீதம். அதாவது 5 லிட்டருக்கு 100 மில்லி. 50ஆம் ஆண்டுகளின் ஆரம்பகால வண்டிகளுக்கு 5 சதவீதம் வரை வேண்டும். கண்ணளவாக ஊற்றுவதுதான் பலருடைய வழக்கம். குறைந்தால் பிஸ்டன் இறுகும், கூடினால் பிளக்கும் எக்ஸோஸ்ட்டும் கரியால் அடைக்கும். அளவுக்குடுவை இரண்டு மூன்று வெள்ளிதான். வண்டியை நிறுத்தியதும் பெட்ரோல் குழாயை மூடும் பழக்கமும் வேண்டும். மூடாவிட்டால் கார்புரேட்டர் ஊசி கசிந்து, மறுநாள் காலையில் எஞ்சின் பெட்ரோலில் மூழ்கியிருக்கும்.

கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடிவிட்டு எஞ்சினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொண்டு நெடுநேரம் இறங்கினால், பெட்ரோலும் போகாது, அதோடு கலந்த ஆயிலும் போகாது. பிஸ்டன் காய்ந்த நிலையில் ஓடும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திறந்து விட வேண்டும். எந்தச் சாலையிலும் எஞ்சின் திடீரென்று இறுகுவதுபோல் தோன்றினால், அடுத்த நொடியே கிளட்சை அழுத்த வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரம் நின்று, வண்டி இழுத்துக்கொண்டு போகும். பழைய வெஸ்பா ஓட்டிகள் இடது கையில் இரண்டு விரலை எப்போதும் கிளட்ச் மேல் வைத்திருப்பது ஸ்டைலுக்காக அல்ல.

டயர்: கவனம்

வெஸ்பாவின் ரிம் இரண்டு பாதிகளாக நட்டு போட்டு இணைக்கப்பட்டது. சக்கரத்தை வண்டியோடு பிடிக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் இரு பாதிகளையும் பிடிக்கும் நட்டுகள் வேறு. டியூபில் காற்று இருக்கும்போதே இரண்டாவது வரிசை நட்டுகளைக் கழற்றினால், ரிம் வெடித்துத் தெறிக்கும். முகத்துக்கு நேராகக் குனிந்து வேலை செய்கிறவருக்கு என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வால்வைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே ஸ்பானரைத் தொட வேண்டும். வீட்டில் டயர் மாற்றும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுதான்.

10 அங்குலச் சக்கரம் உள்ள வண்டிக்கு முன்னால் சுமார் 18 பிஎஸ்ஐ, பின்னால் ஒருவர் போனால் 25, இருவர் போனால் 35 என்ற அளவில் காற்று போதும்.

எதை மாற்றலாம்?

அவசியமான மாற்றம் விளக்குதான். மலேசியாவில் 1992 முதல் மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கு எரிய ஓட வேண்டும். பழைய 6 வோல்ட் விளக்கு இரவில் தோட்டத்துச் செம்மண் பாதைக்கே போதாது. பின்னாளைய பிஎக்ஸ் மாடலின் 12 வோல்ட் ஸ்டேட்டரையும் மின்னணு இக்னிஷனையும் பொருத்தினால் விளக்கும் பிரகாசிக்கும், பாயிண்ட் தேய்மானத் தொல்லையும் போகும். பழைய கிராங்கின் கூம்பு எல்லா ஃபிளைவீலுக்கும் பொருந்தாது என்பதால், அளந்து பார்த்துவிட்டே சாமான் வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாமல் ஒரு பெட்டியில் வைப்பது புத்திசாலித்தனம்.

6 வோல்ட்டிலேயே வைத்திருப்பவர்கள் பட்டறைக்காரர்களையும் குழப்பும் ஒரு விஷயத்தை அறிந்திருக்க வேண்டும். சில பழைய மாடல்களில் பிரேக் மிதியை அழுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும். கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். உண்மையில் பிரேக் விளக்கு பல்பு எரிந்து போயிருக்கும். இக்னிஷன் மின்சாரம் அந்த பல்பு வழியாகவே தரைக்குப் போகும்படி வயர் இழுத்திருக்கிறார்கள். ஒரு பல்பு மாற்றினால் தீர்ந்தது.

வேகம் கூட்டுவதுதான் இளைஞர்களின் ஆசை. 150 சிசி எஞ்சின்களின் பிஸ்டன் 57 மில்லிமீட்டர் தூரம் ஓடுகிறது, 200 சிசி வண்டியிலும் அதே 57தான். குறுக்களவுதான் வித்தியாசம். அதனால் 63 மில்லிமீட்டர் சிலிண்டரை மாட்டி 150ஐ 177 சிசி ஆக்குவது உலகம் முழுக்க நடக்கிறது. மாட்டுவது ஒரு நாள் வேலை. ஜெட் பார்ப்பதுதான் நிதானமான வேலை. சிறிய ஜெட்டோடு நெடுஞ்சாலையில் முறுக்கினால் பெட்ரோல் போதாமல் புது பிஸ்டன் உருகிவிடும். பெரிய ஜெட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்துவர வேண்டும். பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் சரி. வெள்ளையாக இருந்தால் ஆபத்து, எண்ணெய்க் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். 8 அங்குலச் சக்கர வண்டிகளின் டிரம் பிரேக்கோ மெதுவான காலத்துக்குச் செய்யப்பட்டது. பிரேக்கைச் சீராக்காமல் சிலிண்டரை மட்டும் மாற்றித்தரும் பட்டறையைத் தவிர்ப்பதே நல்லது.

சட்டமும் இங்கே வருகிறது. 150 சிசி வரை மோட்டார் சைக்கிள் சாலை வரி 2 வெள்ளி, 151 முதல் 200 சிசி வரை 30 வெள்ளி. வித்தியாசம் 28 வெள்ளிதான். ஆனால் கிராண்டில் 150 என்று இருக்க 177 ஓட்டி விபத்து நடந்தால், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்க அது காரணமாகலாம். எஞ்சின் மாற்றினாலும் நிறம் மாற்றினாலும் ஜேபிஜேயில் பதிய வேண்டும். பெயிண்ட் கடைசி வேலை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உதிரி சாமான் கிடைக்காது என்ற பயம் வேண்டாம். இந்தியாவில் பஜாஜ் நிறுவனம் 1971 வரை பியாஜியோவின் உரிமத்தில் வெஸ்பா செய்தது. பிறகு எல்எம்எல் வந்தது. லாம்பிரெட்டாவின் இயந்திரங்கள் 1972இல் அப்படியே லக்னோவுக்குப் போயின. அந்த வழியில் வந்த சாமான்கள் இன்றும் புழங்குகின்றன. கேபிள், ரப்பர், பீடிங் போன்றவற்றுக்கு இந்தியச் சாமான் தாராளம். கிராங்க், கியர் சிலுவை, கிளட்ச் தட்டு மூன்றுக்கும் கொஞ்சம் கூடக் கொடுத்து இத்தாலியச் சாமான் வாங்குவதே மலிவு. கேபிள் மாற்றும்போது பழையதன் முனையில் நூலையோ மெல்லிய கம்பியையோ கட்டி இழுக்க வேண்டும். வெறுமனே உருவிவிட்டால் உடம்புக்குள் மறுபடி வழி கண்டுபிடிக்க ஒரு நாள் போகும்.

சிங்கப்பூரில் உள்ளவர்களுக்குக் கெடு நெருங்குகிறது. 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. கிளாசிக் வாகனத் திட்டத்தின் கீழ் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. அதற்கு வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும், ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாட்கள் மட்டுமே ஓட்டலாம். எஞ்சினைப் பிளந்து செலவு செய்யும் முன், தங்கள் வண்டி எந்தப் பிரிவில் வருகிறது என்று நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எல்லாம் முடிந்து எஞ்சின் பூட்டிய பிறகு முதல் 500 கிலோமீட்டருக்கு முழு வேகம் கூடாது. ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் இழுத்துப் பிடிப்பதும் கூடாது. ஏற்றி இறக்கி, பட்டணத்துக்குள்ளேயே பழக்கலாம். பெட்டியில் ஒரு பிளக், பிளக் ஸ்பானர், ஒரு கிளட்ச் கேபிள், ஒரு பல்பு இருக்கட்டும்.