கெட்டில் கதையும் ஓடாத ஒரு மாடலும்

ஜேம்ஸ் வாட்னு சொன்னதும் உங்க எல்லாருக்கும் ஒரே படம்தான் மனசுல ஓடும். சின்னப் பையன், அடுப்பு மேல கெட்டில், மூடி தடதடன்னு ஆடுது, பையன் உத்துப் பார்க்கறான், உடனே நீராவி எஞ்சின் ரெடி. பள்ளிக்கூடத்துல இதை மனப்பாடம் பண்ணி நானும் மார்க் வாங்கியிருக்கேன்.

ஒரு சின்ன சிக்கல். வாட் பொறந்தது 1736ல. நீராவி எஞ்சின் 1712லயே வந்தாச்சு. இங்கிலாந்துல டட்லி பக்கத்துல ஒரு நிலக்கரிச் சுரங்கத்துலேர்ந்து தண்ணி இறைக்க தாமஸ் நியூகாமன் நிறுத்தினது அது. வாட்டோட கதை கண்டுபிடிப்புல ஆரம்பிக்கலை, ரிப்பேர்ல ஆரம்பிக்குது. ஓடாம கிடந்த ஒரு குட்டி மாடலை ஓட வைக்கிற ரிப்பேர். தினமும் ஆணி புடுங்குற நம்ம ஆளுங்களுக்கு கெட்டிலை விட இதுதான் பொருத்தமான கதை :-)

முதல்ல நியூகாமன் எஞ்சின் எப்படி ஓடும்னு பார்த்துடலாம். நம்ம ஊர் ஏற்றம் மாதிரி ஒரு பெரிய மரத் துலா. ஒரு பக்கம் சுரங்கத்துக்குள்ள இறங்குற பம்ப் தண்டு, இன்னொரு பக்கம் சிலிண்டருக்குள்ள இருக்கற பிஸ்டன். பம்ப் தண்டோட எடையில பிஸ்டன் மேல போகும், பாய்லர்லேர்ந்து நீராவி வந்து சிலிண்டரை நிரப்பும். அப்புறம் நீராவியை அடைச்சுட்டு, சிலிண்டருக்கு உள்ளேயே பச்சைத் தண்ணியைப் பீய்ச்சி அடிப்பாங்க. நீராவி சுருங்கி மறுபடி தண்ணியாயிடும், உள்ள வெற்றிடம். வெளியில இருக்கற காற்றோட அழுத்தம் பிஸ்டனைக் கீழே அழுத்தும், அந்தப் பக்கம் தண்ணி மேல வரும். அதாவது வேலை செய்யறது நீராவி இல்லை, காத்துதான்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துல பாடம் நடத்த இந்த எஞ்சினோட மாடல் ஒண்ணு இருந்தது. சிலிண்டர் 2 அங்குல விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கறது 6 அங்குலம். பாய்லர் கிட்டத்தட்ட ஒரு டீ கெட்டில் அளவு. அது சரியா ஓடலைன்னு லண்டன்ல சிசன்கிற கருவி செய்யறவர்கிட்ட ரிப்பேருக்கு அனுப்பினாங்க. போனது போனதுதான். கடைசியில 1760ல, அதைத் திரும்ப வாங்கிட்டு வர 2 பவுண்டுக்கு மிகாம செலவு பண்ணலாம்னு பேராசிரியர் ஜான் ஆண்டர்சனுக்கு நிர்வாகம் அனுமதி கொடுத்திருக்கு. ரிப்பேருக்குக் கொடுத்த பொருளை மீட்க மீட்டிங் போட்டுத் தீர்மானம்! காலம் மாறினாலும் சில விஷயம் மாறாது போல.

1763 குளிர்காலத்துல ஆண்டர்சன் அந்த மாடலை வாட்கிட்ட கொடுத்தார். வாட்டுக்கு அப்போ 27 வயசு, கிட்டத்தட்ட என் வயசு. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கணிதக் கருவிகள் செஞ்சு கொடுக்கற பட்டறை வெச்சிருந்தார். பேராசிரியர் எல்லாம் கிடையாது, கைவேலைக்காரர்.

சரி பண்ணி அடுப்பு மூட்டினார். நாலஞ்சு தடவை மேல கீழ ஆடிட்டு நின்னுடுச்சு. நெருப்பை ஊதி ஊதிப் பெருசாக்கினாலும் இன்னும் சில தடவை, அவ்வளவுதான். இதுல என்ன வேடிக்கைன்னா, மாடல்ல எதுவுமே உடைஞ்சிருக்கலை. பாய்லரும் பார்க்க தாராளமாத்தான் இருந்தது. ஆனா நீராவி பத்தலை.

காரணம் அளவுல இருந்தது. சிலிண்டர் சின்னதாக ஆக, உள்ள இருக்கற நீராவியோட அளவுக்கு, அதைச் சுத்தி இருக்கற சுவரோட பரப்பு அதிகமாயிடும். டட்லி எஞ்சின் சிலிண்டர் 21 அங்குலம், இது 2 அங்குலம். கணக்குப் போட்டா, ஒவ்வொரு படி நீராவிக்கும் மாடல்ல பத்து மடங்குக்கு மேல சுவர். அந்தச் சுவரைத்தான் ஒவ்வொரு தடவையும் பச்சைத் தண்ணி அடிச்சு ஆற வெக்கறாங்க. அடுத்து உள்ள வர்ற நீராவியில பெரும்பகுதி பிஸ்டனைக் கவனிக்கறதுக்கு முன்னாடி சுவரைச் சூடாக்கவே செலவாயிடுது. போதாததுக்கு மாடல் பித்தளை. அப்போ பெரிய எஞ்சின்ல இருந்த வார்ப்பிரும்பை விட வேகமா சூட்டைக் கடத்தும்.

இப்ப கவனிங்க. பம்ப் தூக்க வேண்டிய தண்ணியோட உயரத்தைக் குறைச்சு, பீய்ச்சுற தண்ணியையும் குறைச்சு வாட் மாடலை ஓட வெச்சுட்டார். சுமை குறைஞ்சா அரைகுறை வெற்றிடம் போதும், சிலிண்டர் அவ்வளவா ஆறாது. கேட்ட வேலை முடிஞ்சது. நானா இருந்தா டிக்கெட்டை மூடிட்டு டீ குடிக்கப் போயிருப்பேன். வாட் மூடலை. இது மாடலோட கோளாறு இல்லை, பெரிய எஞ்சின்லயும் இதே வியாதி இருக்கு, அளவு பெருசா இருக்கறதால வெளியே தெரியலைன்னு அவருக்குப் புரிஞ்சுபோச்சு. 50 வருஷமா ஏன் யாரும் இதைப் பெருசா எடுத்துக்கலை? எஞ்சின் நின்னது பெரும்பாலும் நிலக்கரிச் சுரங்க வாசல்ல. விக்காத தூள் கரியை அள்ளிப் போட்டா ஆச்சு. யாருக்குக் கவலை?

அவர் அளக்க ஆரம்பிச்சார். இங்கேதான் நிஜமாவே ஒரு கெட்டில் வருது. கெட்டில் மூக்குல கண்ணாடிக் குழாயைச் சொருகி, மறு முனையைக் குளிர்ந்த கிணத்துத் தண்ணிக்குள்ள விட்டார். தண்ணி கொதிநிலைக்கு வந்தப்போ அதோட அளவு கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு கூடியிருந்தது. அதாவது ஒரு பங்கு நீராவி, தன்னைப் போல ஆறு பங்கு தண்ணியைக் கொதிக்க வெக்குது! குழம்பிப்போய் அங்கேயே இருந்த பேராசிரியர் ஜோசப் பிளாக்கிட்ட கேட்டார். பிளாக் ஏற்கனவே வகுப்புல சொல்லிட்டிருந்த உள்ளுறை வெப்பம்தான் அது. இன்னைக்குப் புத்தகக் கணக்குப்படி கிராமுக்கு 540 கலோரி. 10 டிகிரி தண்ணியை 100க்குக் கொண்டுபோக 90. வகுத்துப் பாருங்க, சரியா 6. கெட்டிலை வெச்சுக்கிட்டு இவ்வளவு துல்லியம்!

அப்புறம்தான் முடிச்சு. நீராவி வீணாகாம இருக்க சிலிண்டர் எப்பவும் கொதிக்கக் கொதிக்க இருக்கணும். நல்ல வெற்றிடம் வேணும்னா நீராவி நல்லா குளிரணும். ரெண்டும் ஒரே இடத்துல எப்படி? மர சிலிண்டர் எல்லாம் செஞ்சு பார்த்தார், தேறலை. 1765 மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கிளாஸ்கோ கிரீன் மைதானத்துல நடந்துட்டிருக்கும்போது பொறி தட்டியதாம். குளிர வெக்கற வேலையைத் தனிப் பாத்திரத்துக்கு மாத்திடு, நீராவி வெற்றிடத்துக்குத் தானா பாயும். வயசான காலத்துல அவரே சொன்னது, கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு மேல அளந்திருக்கார்ங்கறதுல மெருகு எதுவும் இல்லை. ஞாயித்துக்கிழமை பட்டறையைத் திறக்கறது பாவம்னு நினைச்ச ஊர், அதனால அன்னைக்கு வேலையில்லை. அப்புறம் மருத்துவர்கள் பயன்படுத்துற ஒரு பித்தளைச் சிரிஞ்சையே சிலிண்டரா வெச்சு, தகரக் குழாயில கண்டன்சர் செஞ்சு ஓட்டிப் பார்த்தார். சுமார் 18 பவுண்டு எடையைத் தூக்கிச்சு.

பட்டறையிலேர்ந்து வெளியே வரத்தான் தாவு தீர்ந்துடுச்சு. காப்புரிமை 1769ல. பெரிய சிலிண்டரைச் சீரா குடைஞ்சு கொடுக்க ஆள் இல்லை. சோத்துக்குக் கால்வாய் சர்வே வேலைக்குப் போனார். 1773ல மனைவி மார்கரெட் இறந்துட்டாங்க. 1774ல ஜான் வில்கின்சன் துளைபோடும் இயந்திரம் செஞ்சார், 1775ல மேத்யூ போல்டன் கூட்டாளியானார், 1776ல முதல் எஞ்சின்கள் ஓடின. மாடல் கைக்கு வந்து பன்னிரண்டு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு. கரி விலைக்கு வாங்க வேண்டிய கார்ன்வால் செம்புச் சுரங்கங்கள்ல இவங்க வாங்கின கட்டணம், மிச்சமான கரியோட விலையில மூணுல ஒரு பங்கு.

அந்தச் சிரிஞ்சு மாடல் லண்டன் சயின்ஸ் மியூசியத்துல இருக்கு. ரிப்பேருக்கு வந்த நியூகாமன் மாடல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தோட ஹண்டேரியன் மியூசியத்துல. படம் தேடிப் பார்த்தேன். பாய்லர் நிஜமாவே கெட்டில் சைஸ்தான்.