87 எங்கேருந்து வருது?

புனேவுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. படித்தது பி.காம்., பார்ப்பது வங்கி உத்தியோகம். கார் லோன் ஃபைலில் கையெழுத்துப் போடத் தெரியுமே தவிர, பானெட்டைத் திறந்தால் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் இடம் மட்டும்தான் தெரியும். போன மாதம் பையன் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வாங்கி வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனை சாக்கெட்டில் சொருகினான். செல்போனில் எண்கள் ஓட ஆரம்பித்தன. கூலன்ட் சூடு 87 டிகிரி என்றது.

"அப்பா, இந்த 87 எங்கேருந்து வருது?"

நியாயமான கேள்வி. பதில் தேடப் போய் நான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. எனக்குப் புரிந்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

கூலன்ட்டில் ஒரு சென்சார் முழுகிக் கிடக்கிறது. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். எஞ்சின் கணினி அதை எண்ணாக மாற்றி, நினைவகத்தில் ஒரு கட்டத்தில் எழுதி வைக்கும். அந்தக் கட்டத்துக்கு ஒரு முகவரி உண்டு. நம் பழைய லெட்ஜரில் ஃபோலியோ நம்பர் மாதிரி. பையனின் கருவி "05" என்று கேட்டால், கணினி ஃபோலியோவைப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்லும். அதில் 40ஐக் கழித்தால் சூடு. 127 வந்தது, 87 ஆயிற்று. அமெரிக்காவில் 1996 முதல் எல்லா புதுக் கார்களுக்கும் இந்த ஜன்னல் கட்டாயம். மற்ற நாடுகள் பின்னால் வந்தன.

ஆனால் இது பாஸ்புக்தான், லெட்ஜர் அல்ல. உள்ளே ஆயிரக்கணக்கான கட்டங்கள் இருக்கின்றன. ஜன்னல் காட்டுவது அதில் கொஞ்சம்.

மிச்சத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வழி, "05"க்குப் பதில் சொல்லும் நிரல் எந்த முகவரியைத் தொடுகிறது என்று பின்தொடர்வது. இன்னொரு வழி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நினைவகத்தை ஒரு நகல், சூடானபின் ஒரு நகல் எடுத்து, எந்தக் கட்டம் சூட்டோடு சேர்ந்து நகர்ந்தது என்று பார்ப்பது. நாங்கள் தினமும் செய்யும் டேலி வேலைதான். மூன்றாவது, ஏ2எல் என்ற கோப்பு. எந்த அளவு எந்த முகவரியில் இருக்கிறது, எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். தயாரிப்பாளரின் அந்தரங்கச் சமாச்சாரம். ஆனாலும் எஞ்சின் வேகத்தைக் கூட்டித் தரும் ட்யூனிங்காரர்கள் மத்தியில் கசிந்து உலவும்.

சரி, இதெல்லாம் எதற்கு? கதை இங்கேதான் இருக்கிறது.

மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டான் கார்டர் தலைமையில் ஒரு சின்னக் குழு. அதில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா, மார்க் பெஷ். (முதல் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், மறைப்பானேன்!) புகை அளக்கும் கருவிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு டீசல் கார்களை நிஜமான ரோட்டில் ஓட்டினார்கள். 2014 மே மாதம் வந்த அறிக்கைப்படி, வோக்ஸ்வாகன் ஜெட்டா அனுமதித்ததைவிட 15 முதல் 35 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. ஆய்வுக்கூடத்தில் உருளை மேல் ஓட்டினால் அதே வண்டி சமர்த்து. 2015 செப்டம்பரில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள்.

ஆனால் எப்படிச் செய்தார்கள்? இதற்குத்தான் முகவரி தேவைப்பட்டது. ஃபெலிக்ஸ் டோம்கே என்ற ஜெர்மன்காரர் தன் சொந்த வோக்ஸ்வாகனின் எஞ்சின் கணினி மென்பொருளைக் குடைந்தார். 2015 டிசம்பரில் ஹாம்பர்க் மாநாட்டில் மேடையேறிச் சொன்னார். கிளம்பிய நேரத்தையும் ஓடிய தூரத்தையும் கணினி ஒப்பிடுகிறது. ஐரோப்பியச் சோதனை 1,180 நொடி, சுமார் 11 கிலோமீட்டர். வண்டி அந்தக் கோட்டை ஒட்டியே போனால் "இன்ஸ்பெக்டர் வந்திருக்கார்" என்று அர்த்தம். புகைச் சுத்திகரிப்பு ஒழுங்காக நடக்கும். கோட்டை விட்டு விலகினால் வேறு கணக்கு. இந்த விவகாரம் உள்ளே எந்தப் பெயரில் ஒளிந்திருந்தது தெரியுமா? "அகவுஸ்டிக்", அதாவது எஞ்சின் சத்தம் சம்பந்தப்பட்டதாம்!

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மார்ச் 31 ராத்திரி டெபாசிட் வீங்கி, ஏப்ரல் முதல் வாரம் வற்றுவதைப் பார்த்தே தலை நரைத்தவன் நான்.

இன்னொரு விஷயம். 2015 ஜூலையில், கார் மென்பொருளைச் சொந்தக்காரரும் ஆராய்ச்சியாளரும் திறந்து பார்க்கக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு தரக்கூடாது என்று கடிதம் எழுதியது யார்? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையேதான். திறந்துவிட்டால் ஜனங்கள் ட்யூனிங் செய்து புகையைக் கூட்டிவிடுவார்கள் என்று பயம். இரண்டே மாதத்தில், புகையைக் கூட்டியது கம்பெனிதான் என்று தெரிந்தது. அக்டோபரில் விலக்கு கிடைத்தது.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. நான் ஞாயிறு காலை நடக்கப் போகும் குன்றின்மேல் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம்தான் இந்தியாவில் அந்த வண்டிகளைச் சோதித்தது. 2015 டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வதாகக் கம்பெனி அறிவித்தது. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. கம்பெனி மீது கட்டாய நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் அதே வருடம் நிறுத்தி வைத்தது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் புகையைச் சுவாசித்தது சென்னையிலும் மும்பையிலும் டெல்லியிலும் ஸ்கூல் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள்.

பையனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தேன். பாஸ்புக்கில் இருப்பது பொய் இல்லடா, ஆனா முழுக் கணக்கும் அதுல இல்ல என்றேன்.

"அப்போ நம்ம கார்?"

"நம்மளது பெட்ரோல்டா."

"அது பதில் இல்லையேப்பா" என்றான்.