மணிலாவில் கரையேறியவை

பிலிப்பைன்ஸில் கிடைத்த தேதியிட்ட ஆவணங்களில் மிகப் பழையது, கடன் தீர்ந்ததற்கு எழுதிக் கொடுத்த ஒரு சீட்டு. 1989-இல் லகூனா பகுதியில் ஆற்றுமணல் அள்ளியபோது கிடைத்த அந்தச் செப்பேட்டில் சக ஆண்டு 822 என்றிருக்கிறது, அதாவது கி.பி. 900. எழுத்து ஜாவாவின் கவி, மொழி பழைய மலாய், நடுநடுவே சமஸ்கிருதம். நம்வரன் என்பவர் பட்ட பொற்கடனை அவர் வாரிசுகளிடம் இனி யாரும் கேட்கக் கூடாது என்பது செய்தி. அந்தச் சமஸ்கிருதத்தின் 'குரு' அங்கே நிலைத்துவிட்டது: தீவுகளின் தகலோக் மொழியில் ஆசிரியர் இன்றும் 'குரோ'தான். மாம்பழம் 'மங்கா', நம் மாங்காய் மலாய் மொழி வழியாக அங்கே போனது.

சீனாவின் ஃபூஜியன் வணிகர்கள் 'பான்சித்' நூடுல்ஸையும் 'லும்பியா'வையும் கொண்டுவந்தார்கள். தெற்கே சூலுவில் இஸ்லாம் வேரூன்றியது. 1571-இல் ஸ்பானியத் தளபதி லெகாஸ்பி மணிலாவைப் பிடித்தபோது அங்கிருந்த ராஜா சுலைமானும் முஸ்லிம்தான்.

அதன் பிறகு வந்ததையெல்லாம் ஸ்பெயின் கணக்கில் எழுதுவது வழக்கம். பாதிக் கணக்கு மெக்சிகோவுக்குச் சேர வேண்டியது. தீவுகளின் நிர்வாகமே மெக்சிகோ நகரத்தின் கீழ் இருந்தது. 1565 முதல் 1815 வரை அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் சீனப் பட்டை ஏற்றிப்போய் வெள்ளியோடு திரும்பின. கூடவே மக்காச்சோளம், கொக்கோ, புகையிலை. சர்க்கரைவள்ளிக் கிழங்கின் பெயர் 'கமோத்தே', சந்தையின் பெயர் 'தியாங்கே': இரண்டும் மெக்சிகோப் பழங்குடிகளின் நஹுவாட் சொற்கள். பதிலுக்கு, அந்தக் கப்பல்களில் போன தீவு மாலுமிகள் மெக்சிகோவின் கொலிமாவில் தென்னம்பாளை சீவிக் கள் இறக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே இன்றும் அதற்குத் 'தூபா' என்ற தகலோக் பெயர்தான்.

1762-இல் மெட்ராஸிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்து, 1764-இல் வெளியேறியது. திரும்பாமல் நின்றுவிட்ட இந்தியச் சிப்பாய்கள் சிலரின் வழிவந்தோர் கைந்தா ஊரில் வாழ்கிறார்கள். 'கரே-கரே' என்ற குழம்பு அவர்களுடைய கறிதான் என்பார்கள். பெயர்ப் பொருத்தத்துக்கு மேல் சான்று போதாது.

வரி வசூலுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை என்று 1849-இல் ஸ்பானிய ஆளுநர் கிளவேரியா ஒரு பெயர்ப் பட்டியலை ஊர்களுக்குப் பிரித்தனுப்பினார். ஓவாஸ் ஊருக்குப் போன தாள்களில் 'ஆர்' எழுத்துப் பெயர்கள். அந்த ஊர்க் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் இன்றும் அந்த எழுத்திலேயே தொடங்குகின்றன.

1898-இல் அமெரிக்கா வந்தது. 1901-இல் 'தாமஸ்' கப்பலில் சுமார் 500 ஆசிரியர்கள் ஆங்கிலத்தோடு இறங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்டு 'ஜீப்னி' ஆக்கினார்கள் உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள். அதில் காசு கைமாறி ஓட்டுநரிடம் போகும். இறங்க வேண்டியவர் 'பாரா' என்று குரல் கொடுப்பார்; நிறுத்து என்பதற்கான ஸ்பானியச் சொல் அது.