ஆறேகால் சென்ட்: மலாயாத் தோட்டத் தமிழரும் பாகான் செராய்க் குடியேற்றமும்

மலாயாவின் கெமாஸ் வட்டாரத் தோட்டத் தமிழரின் வறுமையை ஆராய வரும் எவரும் ஆய்வாளர் கெர்னியல் சிங் சந்துவைக் கடந்துபோக முடியாது. அவருடைய 1969ஆம் ஆண்டு நூல், 1786 முதல் 1957 வரை மலாயாவுக்கு வந்த இந்தியர்களை நாற்பது லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறது. பெரும்பகுதியினர் ஊர் திரும்பிவிட்டார்கள். 1957 கணக்கெடுப்பில் இருந்தவர்கள் ஏறத்தாழ 7 லட்சம். கணக்கில் எனக்குப் பிணக்கில்லை. அதிலிருந்து எழுந்த வாசிப்போடுதான் பிணக்கு. தமிழன் நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் போக வந்தவன், மண்ணில் கால் ஊன்ற நினைக்காதவன், ஆகவே நிலமற்றுப் போனான் என்பது அந்த வாசிப்பு. சந்துவின் நூலில் தடைகளும் பேசப்படுகின்றன. ஆனால் அவருக்குப் பின் எழுதியவர்களிடம் நிலைத்தது இந்தச் சித்திரமே.

திரும்பியோர் எண்ணிக்கை அவர்கள் கப்பலேறியதைச் சொல்லும். இருக்க இடம் கொடுத்திருந்தால் இருந்திருப்பார்களா என்பதைச் சொல்லாது. தோட்டத்து லயத்து வரிசை வீடு வேலையோடு ஒட்டியது. பெரட்டில், அதாவது ஆள்கணக்கில், பெயர் நீங்கினால் வீடும் நீங்கும். 1930களின் மந்தத்தில் பல்லாயிரம் பேர் வேலையிழந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். அவர்களும் திரும்பியோர் நிரலில்தான் நிற்கிறார்கள். விரும்பிப் போனவரையும் போக்கிடமின்றிப் போனவரையும் ஒன்றாகக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் கொண்டு ஒரு மக்களின் மனத்தைக் கணிப்பது தகாது.

இங்கே ஒரு சட்டப் பிரிவு என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவும் மாடு மேய்க்கவும் பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் ஒதுக்கத் தோட்ட முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. நம் கணக்கில் ஆறேகால் சென்ட். நிலம் முதலாளியுடையது, உரிமைப் பத்திரம் கிடையாது, வேலை போனால் கத்தரிச் செடியும் போயிற்று. ஆனாலும் கவனியுங்கள்: இரண்டு மூன்று ஆண்டில் மூட்டை கட்டப்போகிறவனுக்கு யாரும் மேய்ச்சல் நிலம் ஒதுக்கிச் சட்டம் எழுதமாட்டார்கள். தமிழ்த் தொழிலாளி மாடு வளர்த்தான், மண்ணைக் கொத்தினான் என்பதை அரசு அறிந்திருந்தது. அந்த ஆசையைத் தோட்ட வேலிக்குள்ளேயே அடக்கிவைக்கும் அளவுக்கு மட்டும் நிலம் கொடுத்தது.

வேலிக்கு வெளியே நிலம் கிடைத்தபோது நடந்தது என்ன? பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ரெனே ஃபே சாமியார் பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் குடியமர்த்தினார். 1882 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் ஆண்டு. 1880களின் தொடக்கம் என்பதற்கு மேல் நான் அழுத்தமாட்டேன். ஹியூ லோ ரெசிடெண்டாக இருந்த காலம் அது. ஃபே பின்னர் 1896இல் மலாக்கா ஆயரானார். குடியேறியவர்களோ அங்கேயே தலைமுறை கண்டார்கள். புனித சூசையப்பர் பங்கு இன்றும் இருக்கிறது. ஒரே வேதத்தில் கட்டுண்ட சிறு கூட்டம், அதை வைத்து எல்லாத் தமிழரையும் அளக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ‘தமிழன் தங்கமாட்டான்’ என்ற பொது விதியை உடைக்க ஒரு பாகான் செராய் போதும்.

எனக்கு விளங்காதது, தமிழரை நிலத்தில் அமர்த்தும் அந்த வழியில் கிறிஸ்தவ சபைகள் ஏன் தொடர்ந்து நடக்கவில்லை என்பதுதான். நில வழி அவர்கள் அறியாததன்று. 1903இல் அதே பேராக்கில், சித்தியவானில், லூரிங் போதகரின் முயற்சியால் மெதடிஸ்டுகள் சீனாவின் பூச்சோவிலிருந்து 363 சீனரைக் கொண்டுவந்து நிலத்தில் அமர்த்தினார்கள். தமிழருக்கு வாய்த்தவை பெரும்பாலும் பள்ளியும் சிற்றாலயமும். என் ஊகம் இது: தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்கவே தோட்ட நிர்வாகியான துரையின் அனுமதி வேண்டும். ஆளைத் தோட்டத்திலிருந்து நிலத்துக்கு மாற்றும் போதகருக்கு எந்தத் துரை கதவைத் திறப்பார்? சான்று மெலிதுதான், ஆனால் ‘தமிழனுக்கு நில ஆசை இல்லை’ என்ற விளக்கத்துக்கு இருக்கும் சான்று இதைவிட மெலிது.

1950களில் பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தபோது பதில் சபையிலிருந்து வரவில்லை. அரசியல் தலைவர் வீ. தி. சம்பந்தனின் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் 1960இல் எழுந்தது. தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார்கள். தொழிலாளி பங்குதாரரானார். ஆனாலும் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் என்ற ஃபேயின் முறையன்று அது. அம்முறைக்கு நெருங்கியதை 1956இல் தொடங்கிய அரசு நிலக் குடியேற்ற அமைப்பான பெல்டா செய்தது, குடும்பத்துக்கு ஏறத்தாழப் பத்து ஏக்கர் என்று. குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். கெமாஸ் பக்கம் பாசிர் பெசார் போன்ற பெல்டா குடியேற்றங்களும் பழைய தோட்டங்களும் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. இரு பக்கமும் அதே மண், அதே உழைப்பு. வேறுபாட்டை மனநிலையில் தேடுவோர் முதலில் நிலப் பதிவேட்டில் தேடட்டும்.