மின்சாரக் கார்: ஓடுதூரமும் மின்னேற்ற வேகமும் (பரிஸ் வட்டாரம்)

மின்சாரக் காரின் ஓடுதூரம் என்பது, மின்கலத்தொகுதி ஒருமுறை முழுமையாக நிரம்பியபின் வண்டி செல்லக்கூடிய தொலைவாகும். மின்னேற்ற வேகம் என்பது, தீர்ந்த தொகுதி மீண்டும் எவ்வளவு விரைவில் நிரம்புகிறது என்பதாகும். முன்னது கிலோமீற்றரிலும் பின்னது கிலோவாற்றிலும் கூறப்படும். கார் வாங்குவோர் முதலில் கேட்பது ஓடுதூரத்தையே. எனினும் பரிஸின் வடக்கே ஸ்தேன், லா கூர்னவ் போன்ற இடங்களில் அடுக்குமாடிகளில் வாழ்ந்து, சொந்தத் தரிப்பிடமோ சுவரில் மின்செருகுவாயோ இல்லாமல் தெருவோரத்தில் கார் நிறுத்தும் தமிழ்க் குடும்பங்களுக்கு மின்னேற்ற வேகமே முதன்மையானது.

இவ்விரண்டுக்குமிடையிலான போட்டி பரிஸில் நெடுங்காலமாக நடந்துவருவதாகும். மீண்டும் மீண்டும் மின்னேற்றத்தக்க ஈய அமில மின்கலத்தை 1859இல் கஸ்தோன் பிளாந்தே கண்டறிந்தார்; அதன் தகடுகளில் ஈயக் கலவையைப் பசையாகப் பூசிக் கொள்ளளவைப் பெருக்கும் முறையைக் காமிய் ஃபோர் 1881இல் உருவாக்கினார். அதே ஆண்டில் குஸ்தாவ் துருவே மின்விசையில் இயங்கும் மூன்று சக்கர வண்டியொன்றைப் பரிஸ் தெருவில் ஓட்டிக்காட்டினார். பிரான்ஸ் ஆட்டோமொபைல் கழகம் 1898 யூன் மாதத்தில் வாடகை வண்டிகளுக்கென நடத்திய போட்டியில், நாளொன்றுக்கு 60 கிலோமீற்றர் ஓடுவது தேவையாக இருந்தது. பங்கேற்றவற்றுள் மிகப் பெரும்பாலானவை மின்வண்டிகள். அதன்பின் பரிஸின் பெரிய வாடகை வண்டி நிறுவனம், லா சப்பலை அடுத்த ஓபெர்வில்லியேயில் மின்வண்டிகளுக்கான கொட்டகையொன்றை அமைத்து, பாதசாரிகளைப் போல வெட்டிய பலகை உருவங்கள் நிற்கும் பயிற்சித் தடத்தில் சாரதிகளைப் பழக்கியது. இன்று தமிழர் நாள்தோறும் கடந்துபோகும் ஓபெர்வில்லியே ஒருகாலத்தில் மின்வண்டிகளின் இருப்பிடமாக இருந்தது என்பது பரவலாக அறியப்படாத செய்தி.

அடுத்து வந்த சாதனைகள் வேகத்தையும் தூரத்தையும் பற்றியவை. 1899 ஏப்ரல் 29 அன்று அஷேரில் காமிய் ஜெனாட்ஸி தம் மின்வண்டியை மணிக்கு 105.88 கிலோமீற்றர் வேகத்தில் செலுத்தி, நூறு கிலோமீற்றரைக் கடந்த முதல் சாலை வண்டி என்ற பெயரை அதற்குப் பெற்றுத்தந்தார். அவ்வண்டி இன்றும் கொம்பியேன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1901இல் லூயி கிரியேஜே பரிஸிலிருந்து ஷாத்தெல்ரோ வரை 307 கிலோமீற்றரை இடையில் மின்னேற்றாமலே கடந்தார். ஆயினும் தீர்ந்த ஈயத்தகடுகளை நிரப்பப் பல மணித்தியாலங்கள் ஆயின. பெற்றோல் தொட்டியோ சில நிமிடங்களில் நிறைந்தது. மின்வண்டியை அக்காலத்தில் வீழ்த்தியவற்றுள் இந்த வேறுபாடும் ஒன்று.

ஓடுதூரம் பற்றிய அறிவிப்புகளை அளவுமுறையுடன் சேர்த்தே படிக்கவேண்டும். ஃப்ளான் தொழிற்சாலையில் உருவான ரெனோ ஸோயே, பழைய ஐரோப்பிய அளவுமுறைப்படி 210 கிலோமீற்றர் ஓடும் என 2012இல் அறிவிக்கப்பட்டது. நடைமுறையில் 100 முதல் 150 வரை என்று நிறுவனமே கூறியது. 2017 செப்ரெம்பரில் தொடங்கி நடைமுறைக்கு வந்த புதிய அளவுமுறை உண்மைக்கு நெருக்கமானது எனினும், மணிக்கு 130 கிலோமீற்றரில் நெடுஞ்சாலையில் செல்லும்போதும் சனவரிக் குளிரிலும் அந்த எண் குறையவே செய்கிறது.

2019இல் வந்த ஸோயேயும் 2024இல் வந்த ரெனோ 5உம் தெளிவான ஒப்பீட்டுக்கு உதவுகின்றன. இரண்டிலும் 52 கிலோவாற்மணி மின்கலத்தொகுதி உண்டு. அறிவிக்கப்பட்ட ஓடுதூரம் முறையே 395, 410 கிலோமீற்றர். தூரத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டும் ஒன்றே என்பார். ஆனால் நேர்மின்னோட்ட விரைவு மின்னேற்றத்தில் ஸோயே பெறுவது உச்சமாக 50 கிலோவாற். அதுவும் கூடுதல் பணத்துக்கு விற்கப்பட்ட வசதி. பழைய ஸோயே வாங்குவோர் முகப்பிலுள்ள மூடியைத் திறந்து, ஏழு துளைகள் கொண்ட செருகுவாயின் கீழே இரு பெரிய துளைகள் உள்ளனவா என்று பார்க்கவேண்டும். இல்லையெனில் அந்த வண்டிக்கு நேர்மின்னோட்ட விரைவு மின்னேற்றம் இல்லை. ரெனோ 5 உச்சமாக 100 கிலோவாற் பெற்று, 15இலிருந்து 80 விழுக்காட்டுக்கு அரை மணித்தியாலத்தில் நிரம்புகிறது. தெருவோரக் கம்பங்களில் கதை தலைகீழாகும்: அங்குள்ள மாறுமின்னோட்டத்தில் ஸோயே 22 கிலோவாற் வரை ஏற்று ஏறத்தாழ 3 மணித்தியாலத்தில் நிரம்ப, 11 கிலோவாற் மட்டுமே ஏற்கும் ரெனோ 5க்கு 5 மணித்தியாலம் வரை ஆகிறது.

விளம்பரத்தில் காணும் கிலோவாற் உச்ச அளவேயன்றிச் சராசரி அல்ல. கலங்கள் நிரம்ப நிரம்ப அவற்றின் வோல்ற்றளவு எல்லையைத் தொடுவதால் வண்டியே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. 80 விழுக்காட்டுக்குமேல் காத்திருப்பது பெரும்பாலும் வீண். குளிரில் லித்தியம் அயனிகள் மந்தமாக நகர்வதாலும், வலிந்து ஏற்றினால் மின்வாயின் மேல் உலோகமாகப் படிந்துவிடுவதாலும் வேகம் மேலும் குறையும். மின்கலத்தை முன்கூட்டியே சூடாக்கும் வசதி இதனால்தான் மதிப்புடையது.

ஸ்தேனிலிருந்து யேர்மனியின் ஹம் நகரக் காமாட்சி அம்பாள் கோயில் தேர்த்திருவிழாவுக்கு 550 கிலோமீற்றருக்கு மேல். நூறு கிலோமீற்றருக்கு 20 கிலோவாற்மணி செலவாகும் எனக் கொண்டால், நிறைந்த தொகுதியுடன் புறப்படும் ரெனோ 5க்கு இரண்டு அரைமணித்தியாலத் தரிப்புகள் போதும். ஸோயேக்கு ஒவ்வொரு தரிப்பும் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் நீளும். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் செல்லும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

பரிஸின் தெருவோர மின்னேற்றத்தைப் பொறுத்தவரை, 2011 டிசெம்பரில் தொடங்கிய ஓட்டோலிப் மின்சார வாடகைக் கார்ச் சேவை 2018 யூலையில் நின்றது. பரிஸ் நகரத் தெருக்களில் இன்று பெலிப் எனப்படும் பொது மின்னேற்றக் கம்பங்கள் உள்ளன. அடுக்குமாடித் தரிப்பிடத்தில் தம் செலவில் மின்னேற்றி பொருத்தும் உரிமை பிரெஞ்சுச் சட்டப்படி வாடகைக் குடியிருப்பாளருக்கும் உண்டு.