சோலைவரிக் காசும் வர்த்தகர் கதிரையும்: மார்செய் நகரின் கதை

எங்கட வீடுகளுக்கு வாற சோலைவரித் துண்டை நாங்கள் ஒருநாளாவது வடிவா வாசிச்சிருக்கிறமா? கட்டிற காசு குப்பை அள்ளவும் தெருவிளக்குப் போடவும் போகுது எண்டு நினைக்கிறம். அதில ஒரு பங்கை மாநகர சபை ஊர் வர்த்தகர் சங்கத்துக்குக் குடுத்தால்? "வியாபாரம் வளர்ந்தால் ஊர் வளரும்" எண்டு ஒரு பக்கம் சொல்லும். "முதலாளிமாருக்கு ஏன் எங்கட காசு?" எண்டு மற்றப் பக்கம் கேட்கும். இந்தச் சண்டைக்கு நானூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கு.

1599 ஓகஸ்ட் 5. பிரான்சின் தெற்கே உள்ள மார்செய் துறைமுக நகரம். மத்தியதரைக் கடலில் கடற்கொள்ளையர் தொல்லை. வியாபாரத்தைப் பாதுகாக்க நகரசபை நாலு வர்த்தகர்களைத் தெரிவு செய்தது. உலகின் முதலாவது வர்த்தகச் சம்மேளனம் எண்டு சொல்லப்படுவது இதைத்தான். கவனியுங்கோ, அது நகரசபையின் வயிற்றில் பிறந்த பிள்ளை.

அதன் செலவுக்குக் காசு எங்கிருந்து வந்தது? கிழக்கு மத்தியதரைத் துறைமுகங்களில் இருந்து வரும் கப்பல்களில் அறவிட்ட வரியில் இருந்து. பிற்காலத்தில் ஒட்டோமன் துறைமுகங்களில் இருந்த பிரெஞ்சுத் தூதுவர்களின் சம்பளத்தைக்கூட இந்தச் சம்மேளனம்தான் குடுத்தது. ஆகவே அந்தக் காசால் ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு சொல்ல ஏலாது.

1650இல் சம்மேளனம் நகரசபையில் இருந்து பிரிந்தது. ஆனால் பத்து வருடத்தில் கதை மாறியது. 1660இல் பதினான்காம் லூயி மன்னர் மார்செயை அடக்கி, பிரபுக்களை நகர நிர்வாகத்தில் இருந்து விலக்கி, வர்த்தகர்களிடம் அதைக் குடுத்தார். நகரை ஆண்டவர்களே சம்மேளனத்திலும் இருந்தார்கள். ரெண்டு கட்டடம், ரெண்டு பெயர்ப்பலகை, ஆனால் கதிரையில் அதே ஆக்கள்.

இதன் விலை 1720இல் தெரிந்தது. மே 25 அன்று கிராண்ட் சென்-அந்துவான் என்ற கப்பல் கிழக்கில் இருந்து வந்து சேர்ந்தது. பயணத்திலேயே கப்பலின் வைத்தியர் உட்படப் பலர் செத்திருந்தார்கள். அதில் பஞ்சும் துணிகளும் இருந்தன. பொக்கேர் நகரின் ஜூலைச் சந்தைக்குப் போகவேண்டிய சரக்கு. அதில ஒரு பங்கு நகர நிர்வாகிகளில் முதல்வரான எஸ்தெல் என்பவருக்குச் சொந்தம். முதலில் கப்பலைத் தூரத்துத் தீவொன்றில் நிறுத்தச் சொன்ன சுகாதாரப் பணிமனை பிறகு முடிவை மாற்றி, சரக்கை நகருக்குப் பக்கத்தில் இருந்த தனிமைப்படுத்தல் நிலையத்தில் இறக்க விட்டது. அங்கிருந்து பிளேக் நகருக்குள் புகுந்தது. ஏறத்தாழ 90,000 பேர் வாழ்ந்த ஊரில் அரைவாசி அளவில் செத்துப்போச்சினம்.

எஸ்தெல்தான் உத்தரவு போட்டார் எண்டு நாங்கள் சொல்லவில்லை. எங்கட கேள்வி வேறு: சரக்குக்காரனும் நகரை ஆள்பவனும் ஒரே ஆளாக இருக்கேக்க, "பொறு, இறக்காதே" எண்டு சொல்ல அந்த ஊரில் ஆர் மிஞ்சியிருந்தது?

பிரெஞ்சுப் புரட்சி 1791இல் இந்தச் சம்மேளனங்களைக் கலைத்தது. 1802இல் அவை திரும்பி வந்தன. இண்டைக்கும் பிரான்சில் நிறுவனங்களிடம் கட்டாயமாக அறவிடும் வரியொன்றில் இருந்து அவைக்கு ஒரு பங்கு போகுது. எங்கட நாட்டில் 1839இல் கொழும்பில் பிரித்தானிய வர்த்தகர்கள் தொடங்கியது வேறு வகை. விரும்பினவர் சேர்ந்து, உறுப்பினர் சந்தாவில் நடக்கிற சங்கம்.

ஆகவே சபை காசு குடுக்கவே கூடாது எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. சின்னக் கடைக்காரருக்கும் சந்தையில் இருக்கிற அம்மாமாருக்கும் உதவுமெண்டால் குடுக்கட்டும். ஆனால் சங்கத்தில் இருப்பவர் சபையில் அதற்கு வாக்களிக்கக் கூடாது. கணக்கு எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்கவேணும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். ஒரு கடிதம் எழுதினால் போதும், கேட்கலாம். மார்செய்க்காரருக்கு அந்தக் கடிதம் எழுத வழி இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கு.